ஒரே வண்டி, ஒரே வழி, இரண்டு மெனலிக்

மெனலிக் பேரரசரின் நகரத்தை ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறோம் என்று எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விற்கும் ஒரு சுற்றுலாவுக்கு நான் இரண்டு முறை போனேன். முதல் தடவை ஊரிலிருந்து வந்திருந்த மச்சானுக்காக. இரண்டாம் தடவை, முதல் தடவை கேட்ட கதையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால். அதே வண்டி, அதே வழி, அதே கட்டணம் (ஆளுக்கு 55 டாலர், நுழைவுச்சீட்டும் இரவுச் சாப்பாடும் சேர்த்து). வழிகாட்டி மட்டும் வேறு ஆள். இரண்டு நாளும் இரண்டு வேறு நாட்டைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது, அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், தவிர இதே வழியில் இதே பேக்கேஜை விற்கிறவர்கள் அங்கே நிறைய. என்னைப் பற்றி ஒரு வரி: எத்தியோப்பியாவின் தென்மேற்கே ஜிம்மாவில் ஐந்து வருடமாக வாத்தியார் வேலை. எத்தியோப்பியக் கல்லூரிகளில் நம்மூர் ஆட்கள் பாடம் எடுப்பது ஒன்றும் புதிதில்லை என்பதால் அதைப் பற்றி வேறு கதை வேண்டாம். ஜிம்மாக்காரன் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும், கடைசியில் தேவைப்படும்.

முதலில் சின்னச் சின்னக் குறைகள். "வண்டி 2 மணிக்கு வரும்" என்று குறுஞ்செய்தி மச்சான் போனுக்கு வந்திருக்கிறது, அவர் மதியம் 2 என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எத்தியோப்பியாவில் மணி சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது, நம் தாத்தா காலத்து நாழிகைக் கணக்கு மாதிரி. நம் காலை 8 மணி அவர்களுக்கு 2. காலை எட்டுக்கு வாசலில் ஹாரன் அடிக்கிறது, மச்சான் பல்கூடத் தேய்க்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் வாங்கித் தொழில் செய்கிறவர்கள் எந்த மணி என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போடக்கூடாதா?

அப்புறம் அவர்கள் கையில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம். அதில் அடிஸ் அபாபா தொடங்கியது 1886 என்றும் அட்வா போர் 1888 என்றும் போட்டிருக்கிறது. முதலாவது நம் காலண்டர், இரண்டாவது அவர்கள் காலண்டர், அது ஏழெட்டு வருடம் பின்தங்கி ஓடும். இத்தாலியை மெனலிக் தோற்கடித்த அட்வா போர் நம் கணக்கில் 1896 மார்ச் 1. ஒரே தாளில் இரண்டு காலண்டரையும் கலந்து அடித்தால் படிக்கிறவன் என்ன செய்வான்? அதைவிட மோசம், பின்பக்கத்தில் ஏதோ பழைய ஐரோப்பிய வரைபடத்தை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், அதில் ஒரோமோ மக்களுக்கு இன்று யாரும் வாயால் சொல்லக்கூடாத அந்தப் பழைய இழிபெயர் இருக்கிறது. 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 34.5 சதவீதம் ஒரோமோ, 26.9 சதவீதம் அம்ஹாரா (மெனலிக்கின் அரசவை மொழியான அம்ஹாரிக் இவர்களுடையது). நாட்டிலேயே பெரிய சமூகத்தை வசவுச் சொல்லால் அச்சடித்துவிட்டு அதைச் சுற்றுலாப் பயணி கையில் கொடுப்பதை என்ன சொல்ல! இரண்டாம் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் நிதானமாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். முதலில் எந்தோத்தோ மலை. அடிஸே 2,300 மீட்டருக்கு மேல், எந்தோத்தோ 3,000ஐத் தாண்டும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சட்டைக்கு மேல் ஏதாவது கனமாகப் போட்டுக்கொண்டு போங்கள். கீழே இறங்குவதற்கு முன் மெனலிக்கின் தலைநகர் இங்கேதான் இருந்தது. சுண்ணாம்பு பூசிய ஒரு அரண்மனை இருக்கிறது, பேரரசர் அரண்மனை என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள், நம்மூர்ப் பெரிய பண்ணை வீடு அளவுதான். பக்கத்தில் மரியம் தேவாலயம், 1889இல் அவருக்கு முடிசூட்டியது அங்கே.

முதல் வழிகாட்டி அறுபதைத் தாண்டியவர். கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துண்டு, வாத்தியார் மாதிரி நிதானமான பேச்சு. எந்த இனம் என்று மச்சான் வாய் தவறிக் கேட்டுவிட்டார், "நான் அடிஸ் அபாபாக்காரன்" என்று சிரித்தார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் கதை இப்படி: நாடு இளவரசர்களின் சண்டையில் துண்டு துண்டாகக் கிடந்தது, பேரரசர் தெவோத்ரோஸ் ஒட்டவைக்கப் பார்த்தார், பின்னால் வந்த பேரரசர் யோகன்னிஸ் தொடர்ந்தார், மெனலிக் முடித்தார். வார்த்தைக்கு வார்த்தை 'அந்தினெத்', அதாவது ஒற்றுமை. ராணி தாய்த்து வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்க இறங்கினார், இடம் பிடித்துப்போய் வீடு கட்டச் சொன்னார், அடிஸ் அபாபா, 'புதுப் பூ' என்று பெயர் வைத்தார். கேட்க நன்றாக இருந்தது. மச்சான் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து நான் மட்டும் தனியாகப் போனபோது வந்தவர் முப்பது வயதுப் பையன், ஆர்சி பக்கம். மரியாதையாக இருக்கட்டும் என்று அவரை 'ஆத்தோ' என்று கூப்பிட்டேன், அம்ஹாரிக்கில் திரு என்று சொல்வது. "ஒப்போ என்று சொல்லுங்கள் சார்" என்றார். அது ஒரோமோ மொழியின் திரு. ஜிம்மாவில் ஐந்து வருடம் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை, தலைநகருக்கு வந்ததும் நாக்கு தானாக அம்ஹாரிக்குக்குப் போய்விட்டது. அவர் மெனலிக் அரண்மனைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கீழே இருந்த நகரத்தைக் காட்டினார். "அது ஃபின்ஃபின்னே. அந்தப் பக்கம் குலேலே குலத்தார் மாடு மேய்த்த இடம், அந்தப் பக்கம் ஏக்கா, அங்கே கலான். வெந்நீர் ஊற்று காலியாக இருந்ததா?" அவ்வளவுதான். பெரிய பிரசங்கம் செய்யவில்லை. ஃபின்ஃபின்னே என்பது அந்த ஊருக்கு ஒரோமோ மொழிப் பெயர். நகரத்தின் பேட்டைகளில் அந்தக் குலங்களின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

அடுத்தது ஜியோர்கிஸ் தேவாலயம், அதன் முன்னால் குதிரை மேல் மெனலிக் சிலை. 1930இல் கடைசிப் பேரரசர் ஹைலே செலாசியின் முடிசூட்டு விழாவை ஒட்டித் திறந்தது, இத்தாலியர்கள் 1936இல் பிடித்தபோது கழற்றிப்போட்டார்கள், 1941இல் திரும்ப ஏற்றினார்கள். பெரியவர் இந்தச் சிலையின் முன்னால் தொப்பியைக் கழற்றினார். அட்வாவில் சுமார் 1,00,000 பேர் திரண்டார்கள், ஒரோமோ குதிரைப்படை இல்லாமல் அந்த வெற்றி இல்லை, இதைவிடப் பெரிய ஒற்றுமைக்கு என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். பையனும் அந்தக் குதிரைப்படையைப் பற்றித்தான் பேசினார், ஆனால் குதிரையிலிருந்து ஆரம்பித்தார்: ஒரோமோ பாடகர் ஹசாலு ஹுந்தேசா ஒரு பேட்டியில், சிலையில் மெனலிக் ஏறியிருக்கும் குதிரை ஒரு ஒரோமோ விவசாயியிடமிருந்து பறித்தது என்று சொன்னார், சில நாளில் 2020 ஜூன் 29 இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அடுத்து வெடித்த கலவரத்தில் கிழக்கே ஹராரில் மெனலிக்கின் தளபதி ராஸ் மக்கொன்னன் சிலையைக் கீழே தள்ளினார்கள் ('ராஸ்' என்பது பெரிய தலைவர்களுக்கான பட்டம்). பையன் இதைச் சொல்லும்போது சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். வண்டிக்குள் போய்ப் பேசலாமே என்றேன், அங்கே ஓட்டுநர் இருக்கிறார் என்றார்.

இந்த இடத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு பேருமே ஒரு கூட்டத்தைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். நடுவில் நின்றவர்கள். வடக்கிலிருந்து அம்ஹாரா படை வந்தது, தெற்கில் ஒரோமோ தோற்றது என்று நேர்க்கோடு போட்டால், அந்தப் படையை நடத்திய ராஸ் கோபனா தாச்சே யார்? அவரே மெனலிக்கின் சொந்த நாடான ஷேவாவைச் சேர்ந்த ஒரோமோ. 1882இல் எம்பாபோவில் கொஜாம் அரசரை மெனலிக்குக்காகத் தோற்கடித்ததில் அவருடைய குதிரைப்படைக்குப் பெரிய பங்கு. மேற்கே இருந்த ஒரோமோ சிற்றரசுகளை ஒவ்வொன்றாகப் பணியவைத்ததும் அவர்தான். இன்று ஒரோமோ இளைஞர்களிடம் 'கோபனா' என்றால் காட்டிக்கொடுத்தவன் என்று பொருள், நாம் எட்டப்பன் என்று சொல்கிற மாதிரி. ஆனால் அவர் காலத்தில் 'ஒரோமோ தேசம்' என்று ஒன்றாகத் திரண்ட எண்ணம் எவ்வளவு இருந்தது, அவர் எதைக் காட்டிக்கொடுத்தார் என்று கேட்டால் பதில் சுலபமில்லை.

மெனலிக் தன் மகள் ஷேவாரெகாவை முதலில் இந்தக் கோபனாவின் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்தார். பிறகு அதே மகளை வடக்கே வோல்லோவின் ராஸ் மிக்காயேலுக்கு. அந்த மிக்காயேல் பிறப்பில் முகமது அலி, வோல்லோ முஸ்லிம் அரச குடும்பம், 1878இல் யோகன்னிஸ் கெடுபிடி செய்தபோது ஞானஸ்நானம் வாங்கிப் பெயர் மாறியவர். அவருக்கும் ஷேவாரெகாவுக்கும் பிறந்த லிஜ் இயாசு 1913இல் தாத்தாவின் நாற்காலிக்கு வந்தார். முஸ்லிம்களோடு நெருங்கிப் பழகினார், மதம் மாறிவிட்டார் என்று குற்றம் சாட்டி 1916இல் இறக்கிவிட்டார்கள். இறக்கியதில் முக்கியமான கை ஹப்தே கியோர்கிஸ், போரில் பிடிபட்டு ஷேவாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாட்டின் முதல் போர் அமைச்சராக உயர்ந்தவர், அவரை ஒரோமோவும் எங்கள் ஆள் என்பார்கள், குராகே இனத்தாரும் எங்கள் ஆள் என்பார்கள். மகனைக் காப்பாற்ற மிக்காயேல் படையோடு வந்து செகாலேவில் தோற்றார். அதற்கு அப்புறமும் ஹைலே செலாசியின் மனைவி மெனன் யார் என்று பார்த்தால் அதே மிக்காயேலின் பேத்தி! சம்பந்தம் பண்ணியே பேரரசு கட்டியிருக்கிறார்கள். மெனலிக்குக்கு முன்னாலும் இப்படித்தான், 1755 முதல் 1769 வரை ஆண்ட இயோவாஸுக்கு அம்மா வழி ஒரோமோ, பழைய தலைநகர் கோந்தரின் அரசவையிலேயே ஒரோமோ மொழி புழங்கியது, பிறகு ஒரோமோ வழி வந்த யெஜ்ஜு தலைவர்கள் 1853 வரை அரசரைப் பொம்மையாக வைத்துக்கொண்டு ஆண்டார்கள்.

ஆக, கதவு மூடியிருக்கவில்லை. தனி ஆளாக வந்தால் திறந்தது: பெயரை மாற்று, ஞானஸ்நானம் வாங்கு, அம்ஹாரிக் பேசு, நாளைக்கு நீயே ராஸ். மொழியோடும் குலத்தோடும் கூட்டமாக வந்தால் வாசலிலேயே நிறுத்தினார்கள். 55 டாலருக்கு இதை ஒரு வழிகாட்டியாவது சொல்லியிருக்கலாம்.

மதியச் சாப்பாடு வழியில் ஒரு சின்னக் கடையில், நம் செலவு. புதன், வெள்ளியில் போனால் அவர்கள் விரத நாள், சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, இஞ்ஜெரா (அவர்களுடைய புளித்த தோசை) மேல் பருப்பு, ஷீரோ (கடலை மாவுக் குழம்பு), கீரை, பீட்ரூட் என்று எட்டு வகை வரும்.

மதியத்துக்கு மேல் யூனிட்டி பார்க், அம்ஹாரிக்கில் 'அந்தினெத் பார்க்'. மெனலிக்கின் பெரிய அரண்மனை வளாகம்தான், 2019 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பராமரிப்பு அபாரம், கழிப்பறை வரை சுத்தம், இதற்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். ஆயிரக்கணக்கானவர்களை உட்காரவைத்து மெனலிக் பச்சை இறைச்சி விருந்து போட்ட கூடத்தில் நின்றால், சாப்பாடு போடுவதும் அரசியல்தான் என்று யாரும் சொல்லாமலே புரியும். ஹைலே செலாசியின் சிம்மாசனக் கட்டடத்துக்கு அடியில் நிலவறை, 1974இல் ராணுவம் பேரரசின் பெரிய மனிதர்களை அடைத்துப் போட்ட இடம். அந்த வருடம் நவம்பர் 23 இரவு பழைய ஆட்சியின் 60 பேரைச் சுட்டுக் கொன்றது ராணுவ அரசு. பெரியவர் அங்கே உள்ளே வரவில்லை, வெளியே நின்றுகொண்டார், நானும் கேட்கவில்லை.

தோட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு குடில் போட்டிருக்கிறார்கள். பார்க் திறந்தபோது நாட்டில் 9 மாநிலம், இப்போது 12. பையன் கையை விரித்துக் காட்டினார், அரண்மனை நடுவில், மக்களினங்கள் தோட்டத்தில் குடிசைகளாக. கொஞ்சம் விஷமமான பார்வைதான், ஆனால் ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால் வேறு மாதிரி பார்க்க வரவில்லை.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர் 'கப்பார்' முறையை எனக்கு விளக்கினார், இந்த இரண்டு சுற்றுலாவிலும் நான் கொடுத்த காசுக்குச் சரியான மதிப்பு வந்த அரை மணி நேரம் அது. வடக்கிலிருந்து வந்த படைவீரனுக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் இல்லை. அதனால் குடும்பங்களைக் கொடுத்தது. பதவிக்கு ஏற்ப இத்தனை விவசாயக் குடும்பம் உனக்கு என்று. அந்தக் குடும்பம் தானியம் அளக்க வேண்டும், தேன் கொண்டுவர வேண்டும், விறகு வெட்ட வேண்டும், மாவரைக்க வேண்டும், வேலி கட்ட வேண்டும். துப்பாக்கிக்கு 'நெஃப்த்', அதைத் தூக்கி வந்தவன் 'நெஃப்தெஞ்ஞா'. அவர்கள் குன்றின் உச்சியில் பாளையம் போட்டார்கள், அதுதான் 'கெதமா', இன்று அந்தச் சொல்லுக்குச் சும்மா நகரம் என்று அர்த்தம். தெற்கில் பல ஊர்கள் அப்படி முளைத்தவை. உள்ளூர்த் தலைவனை முழுக்க ஒழிக்கவில்லை, 'பலபாத்' என்று ஒரு பட்டம், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, வரி வசூலிக்கும் பொறுப்பு. நமக்கு ஜமீன் ஞாபகம் வரும். ஆனால் இங்கே மேலே இருப்பவனுக்கு மொழி வேறு, பல இடங்களில் மதமும் வேறு, நீதிமன்றம் போனால் அவன் மொழியில் பேச ஆள் பிடிக்க வேண்டும். 1955 அரசியல் சட்டம் பேரரசின் ஆட்சிமொழி அம்ஹாரிக் என்று எழுதியே வைத்தது. நிலத்தில் குத்தகை முறை 1975 மார்ச் 4இல்தான் ஒழிந்தது, அதுவும் பேரரசர் போன பிறகு.

அவர் ஊர் ஆர்சி. அங்கே 1882இலிருந்து 1886 வரை ஷேவா படையை எதிர்த்து நின்றார்கள், அம்பும் ஈட்டியும் ஒரு பக்கம், ரெமிங்டன் துப்பாக்கி ஒரு பக்கம். ஆனோலேயில் கையையும் மார்பையும் வெட்டினார்கள் என்று ஆர்சியில் வழிவழியாகச் சொல்வார்கள், 2014இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள், வெட்டிய கை வெட்டிய மார்பை ஏந்தி நிற்கிற மாதிரி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை, இது அரசியலுக்காகக் கட்டிய கதை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பையனிடம் அதைச் சொன்னேன். "என் பாட்டிக்குப் பத்திரிகை படிக்கத் தெரியாது சார்" என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை. முதல் நாள் பெரியவரோ இந்த முழுப் பகுதியையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார், "தெற்கிலும் நிர்வாகம் ஏற்பட்டது."

அங்கிருந்து சிதிஸ்த் கிலோ, பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் இனவரைவியல் அருங்காட்சியகம். நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே மட்டும் போங்கள். ஹைலே செலாசி வாழ்ந்த அரண்மனை, 1960 டிசம்பர் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்ற பிறகு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் படுக்கையறை, குளியலறை எல்லாம் அப்படியே இருக்கிறது. வெளியே இத்தாலியர்கள் முசோலினியின் ஆட்சிக்கு வருடத்துக்கு ஒரு படியாகக் கட்டிய எங்கேயும் போகாத படிக்கட்டு, அதன் உச்சியில் எத்தியோப்பியர்கள் ஒரு சிங்கத்தை உட்காரவைத்துவிட்டார்கள். அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

உள்ளே காட்சிகளை இன வாரியாக அடுக்கவில்லை, பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம், சாவு என்று ஒரு மனித வாழ்க்கையின் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஒரோமோத் தொட்டில் பக்கத்தில் வேறு மக்களின் விளையாட்டுப் பொருள், கொன்சோக்களின் மரச்சிலைக்குப் பக்கத்தில் இன்னொரு இனத்தின் சாவுச் சடங்கு. பெரியவருக்கு இது உயிர், "பார்த்தீர்களா, எல்லோரும் ஒரே மாதிரிதான் பிறக்கிறோம், சாகிறோம்" என்றார், குரல் தழுதழுத்தது. பையன் அதே இடத்தில், "யார் யாருக்கு மாவரைத்தார்கள் என்பதற்கு ஒரு அறை இல்லை பாருங்கள்" என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் அந்த இடத்தில் சரியாகத்தான் பட்டது. ஒரு குறை: கம்பெனி இதற்கு ஒதுக்குவது 50 நிமிடம். மிக அநியாயம். பார்க்கில் காபிக் கடைக்கு மட்டும் 40 நிமிடம் விட்டார்கள்.

இரவு கலாசார உணவகம், பெரிய கூடம், மேடை, ஒரே தட்டில் எல்லோரும் கைவிட்டுச் சாப்பிடும் ஏற்பாடு. இஞ்ஜெரா நன்றாகப் புளித்து, மேலே ஆப்பம் மாதிரிக் கண் கண்ணாக. கோழிக்குழம்பு காரம் நம் நாக்குக்குச் சரி. குராகேக்களின் கித்ஃபோ, பச்சை இறைச்சியை வெண்ணெயில் பிசைந்தது, மச்சான் தொடவில்லை, நான் இரண்டாம் தடவை தைரியமாகத் தொட்டேன், நல்ல ருசி. தேன் கள்ளான தெஜ், கழுத்து நீண்ட குடுவையில் வரும், இனிக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். காபி கடைசியில். இந்தக் காபியும் சுவாரசியம்: தெற்கிலும் மேற்கிலும் காடாக வளர்ந்தது, ஒரோமோக்கள் வெண்ணெயில் வறுத்துச் சாப்பிடுவார்கள், வடக்கின் திருச்சபை அதை முஸ்லிம்கள் பழக்கம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை ஒதுக்கியே வைத்திருந்தது. மெனலிக் காலத்தில்தான் தளர்ந்தது. இன்று அது எத்தியோப்பியாவின் அடையாளம், விமான நிலையத்தில் இறங்கினாலே வாசனை வருகிறது.

மேடையில் நடனம் ஒவ்வொரு இனத்துக்கும் ஒன்று. அம்ஹாரா தோள் குலுக்கும் எஸ்கிஸ்தா, திக்ராயின் வட்ட நடை, குராகேயின் கால் வேகம், வொலாய்தாவின் இடுப்பு, ஒரோமோவின் தடியும் குதிப்பும். ஆடுகிற அதே எட்டுப் பேர்தான் உடையை மாற்றிக்கொண்டு வந்து எல்லா இனமுமாக ஆடுகிறார்கள், அதில் ஒரு அழகு இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். அறிவிப்பு முழுக்க அம்ஹாரிக்கும் ஆங்கிலமும். எஸ்கிஸ்தா மூன்று தடவை வந்தது, ஒரோமோ ஒரு தடவை. பையனிடம் கேட்டால் தோளைக் குலுக்கினார். அவரும் எழுந்து எஸ்கிஸ்தா ஆடினார், பிரமாதமாக.

இப்போது ஜிம்மாக்காரனின் புகார். முழுச் சுற்றுலாவில், இரண்டு வழிகாட்டிகளின் வாயிலும், அபா ஜிஃபார் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. எங்கள் ஊருக்கு வெளியே ஜிரேன் குன்றில் அவர் மர அரண்மனை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடந்தே போவேன். இரண்டாம் அபா ஜிஃபார், ஒரோமோ, முஸ்லிம் அரசர், 1878இல் பட்டத்துக்கு வந்தவர். மெனலிக்கின் படையைப் பார்த்தார், கணக்குப் போட்டார், சண்டை போடாமல் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். அவர் அம்மா கும்மிதிதான் அந்த யோசனையைச் சொன்னார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதற்குப் பதிலாக ஜிம்மாவுக்குள் கப்பார் முறை வரவில்லை, அவர் மசூதி அவர் மசூதியாக, அவர் சந்தை அவர் சந்தையாக இருந்தது. 1932 வரை இது ஓடியது. ரொம்பப் புனிதர் ஆக்கவும் வேண்டாம், அவர் சந்தையில் அடிமைகளும் விற்றார்கள், 1894இல் வொலாய்தாவையும் 1897இல் காஃபாவையும் மெனலிக் நசுக்கப் போனபோது இவரும் படை அனுப்பினார். பக்கத்து அரசன் காஃபாவின் காகி ஷெரோச்சோ எதிர்த்து நின்று, பிடிபட்டு, சிறைக்குப் போனார். அடுத்தடுத்த இரண்டு நாடு, இரண்டு முடிவு. பேரரசோடு சேர்வது என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் எது இருக்கிறது, ஆனால் தலைநகரின் சுற்றுலாவில் இரண்டு தரப்புக்குமே இவர் தேவைப்படவில்லை. பெரியவரின் ஒற்றுமைக் கதையில் இவர் பாதி வெளியே நிற்கிறார், பையனின் எதிர்ப்புக் கதையில் இவர் சண்டையே போடவில்லை.

மதிப்பெண்: வண்டி 3 (பின் சீட்டில் கால் நீட்ட இடமில்லை), நேர ஒதுக்கீடு 2, துண்டுப்பிரசுரம் பூஜ்யம், சாப்பாடு 4, வழிகாட்டிகள் இரண்டு பேருக்கும் 4. அந்த 4ஐத் தனித்தனியாகக் கொடுக்கிறேன், ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது இன்ன இன வழிகாட்டி வேண்டும் என்று கேட்காதீர்கள், அங்கே அது மரியாதைக் குறைவு, சில சமயம் ஆபத்தும்கூட. "தெற்கின் வரலாறு தெரிந்தவர் வேண்டும்" என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். இரண்டு பேரிடமும் மதிய நேரத்தில் கேள்வி கேளுங்கள், மைக்கில் பேசும்போது கேட்டால் பதில் வராது.

வந்த பிறகு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன், ஜிம்மாவையும் சேர்க்கலாமே, அபா ஜிஃபார் அரண்மனை இருக்கிறதே என்று. மறுநாளே பதில் வந்தது, மரியாதையாகத்தான். ஜிம்மா இந்தப் பேக்கேஜில் வராது, வேண்டுமானால் தனியாகக் கட்ட வேண்டுமாம்.